நல்ல நிலையில் நடந்துவரும் சண்டை

கோயம்புத்தூரில் குடும்பச் சண்டைகளை ஃபண்டுக்காரர்கள் வாங்கத் தொடங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் சென்னியப்பனின் சண்டைக்கு ஆள் வந்தது. அதற்குள் அன்னூரில் ஒரு வரப்புத் தகராறும் பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்புப் பாகப்பிரிவினையும் நல்ல விலைக்குப் போயிருந்தன.

ஃபண்டுக்காரர்களின் வேலை ஊரறிந்தது. நாலு பெரிய இடத்தில் பணம் திரட்டுவார்கள். நன்றாக ஓடுகிற ஒரு தொழிலைப் பார்த்து அதில் முக்கால் பங்கை வாங்குவார்கள். ஐந்தாறு வருடம் தீனி போட்டுக் கொழுக்க வைத்து இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்புவார்கள். மில், பம்புசெட்டு, கண் ஆஸ்பத்திரி, மசாலாப் பொடி, நர்சரிப் பள்ளி என்று வரிசையாக வாங்கியதில் வாங்குவதற்குத் தொழில் தீர்ந்துபோனது, பணம் தீரவில்லை. பணத்தைச் சும்மா வைத்திருந்தால் கொடுத்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் சண்டைக்கு வந்தார்கள். மழை பெய்தாலும் பொய்த்தாலும் நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் சண்டை படுக்காது. அப்பன் விட்ட இடத்தில் மகன் பிடித்துக்கொள்வான். இப்படி வேறெந்தத் தொழிலும் இல்லை என்று அவர்கள் சொன்னதை மறுத்துப் பேச யாராலும் முடியவில்லை.

சென்னியப்பனுக்குக் கணபதியில் கிரைண்டர் கம்பெனி, வடவள்ளியில் வீடு. அவர் கூப்பிட்டது என்னவோ கம்பெனியை விற்கத்தான். தென்வாசல் கேப்பிடல் என்ற ஃபண்டிலிருந்து பிரதீபா என்ற பெண் சென்னையிலிருந்து வந்தாள். நாற்பதைத் தொடும் வயது, நிதானமான குரல், எதையும் தொட்டுப் பார்த்த பிறகே பேசும் பழக்கம். பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மாவே பாக்கெட்டில் வருகிற காலத்தில் கிரைண்டருக்கு வளர்ச்சி கிடையாது என்று சொல்லிவிட்டாள். மரியாதைக்கு வீட்டுக்கு அழைத்துப்போய்க் காபி கொடுத்தார். காபி குடிக்கும்போது அவள் சுவரைப் பார்த்தாள். குடும்பப் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. படத்தின் வலது ஓரத்தில், ஒரு முகம் மட்டும் மறைகிற மாதிரி, தினசரிக் காலண்டர் தொங்கியது. பிரதீபா எழுந்துபோய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது யார் சார்?"

தங்கச்சி தெய்வானை என்று சென்னியப்பன் சொன்னார். பேச்சுவார்த்தை இல்லை என்றும், ஒன்பது வருடமாகிறது என்றும் சொன்னார். பிரதீபா காபியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சண்டையின் காரணம் பால். அண்ணன் வீடு கட்டினால் கூடப் பிறந்தவள் வந்துதான் அடுப்பேற்றிப் பால் காய்ச்ச வேண்டும். வடவள்ளி வீட்டுக்குக் குடிபோன அன்று தெய்வானை பெருந்துறையிலிருந்து பித்தளைக் குண்டாவோடு கிளம்பி வந்தவள், வழியில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டாள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் பறந்தார். சென்னியப்பனின் மனைவி மரகதத்துக்கு ஒரு தங்கை. துறுதுறுவென்று எதையாவது செய்துகொண்டே இருப்பவள். அவள் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். பால் நுரைத்து விளிம்பில் வழியும்போது தெய்வானை உள்ளே நுழைந்தாள். பாலைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், குண்டாவை இடுப்பிலிருந்து இறக்காமல் திரும்பி நடந்தாள். வீட்டுக் கேட்டில் நின்று, "பொறந்தவ வரங்காட்டியும் பொறுக்க முடியாத பாலாக்கும்" என்றாள். அதுதான் அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது. அவரும் பின்னாலேயே ஓடியிருக்கலாம். விருந்தாளிகள் பார்க்கிறார்களே என்று நின்றுவிட்டார். நின்றது நின்றதுதான்.

வாங்குவதற்கு முன்பு ஃபண்டிலிருந்து ஆட்கள் வந்து ஒரு மாதம் சோதித்தார்கள். சித்தப்பா வீட்டுப் பையன்களை, மாமன் மச்சான்களை, இரு வீட்டுக்கும் பொதுவான நாவிதரை விசாரித்தார்கள். இருவரையும் ஒரே நாளில் கண் பரிசோதனைக்கு வரவழைத்து ஒரே லிஃப்டில் நாலு மாடி ஏற்றினார்கள். சென்னியப்பன் மேற்கூரையைப் பார்த்தார், தெய்வானை பொத்தான்களைப் பார்த்தாள். சண்டை சுத்தமானது, உள்ளுக்குள் சமாதானம் எதுவும் மறைத்து வைக்கப்படவில்லை என்று அறிக்கை போனது. அதைப் படித்துக் காட்டியபோது சென்னியப்பனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கிரைண்டரைப் பற்றி யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

விற்றார். எப்படியும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், அதற்கு விலை கிடைத்தால் பட்டறைக்கு இரண்டு புது லேத் வாங்கலாம் என்பது அவர் யோசனை. சண்டை, சண்டையின் காரணம், காரணத்தோடு ஒட்டியவை யாவும் விற்பனையில் அடக்கம் என்று பிரதீபா விளக்கினாள். ஒரு சின்னப் பங்கை மட்டும் சென்னியப்பன் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். சண்டையை ஆரம்பித்தவர் கூடவே இருந்தால்தான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும். அந்தப் பங்கு இருக்கிற வரை அவர் சமாதானமாகக் கூடாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார்.

முதல் போர்டு மீட்டிங் அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் நடந்தது. உள்ளே போனால் நீள மேசைக்கு அந்தப் பக்கம் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே வாரத்தில் அதே விலைக்கு விற்றிருந்தாள். சண்டைக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதால் ஃபண்டு இரண்டு பக்கத்தையும் வாங்கியிருந்தது. விதிப்படி இருவரும் தலைமை நாற்காலியில் இருக்கும் பிரதீபாவிடம்தான் பேச வேண்டும். ஒன்பது வருடத்தில் லிஃப்டுக்கு அப்புறம் இரண்டாவது முறையாகச் சென்னியப்பன் தங்கையின் முகத்தைப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. கண்ணாடி புதிது. சண்டை நல்ல நிலையில் நடந்துவருகிறது என்று இருவரும் தலையாட்டி உறுதி சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படிக் கூடுவதாக முடிவானது.

சண்டையை நடத்த ஆள் போட்டார்கள். அண்ணன் பக்கத்துக்கு ஆல்வின் என்ற நாகர்கோவில்காரர். முன்பு ஒரு பிஸ்கட் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவர். தங்கச்சி பக்கத்துக்கு ஹாஸ்டல் நடத்திய ஓர் அம்மாள். அதன் பிறகு சென்னியப்பனுக்கு வேலை குறைந்துவிட்டது. சொந்தத்தில் கல்யாணம் என்றால் ஆல்வின் முன்னால் போய், தெய்வானை இருக்கும் பந்தியில் உட்கார மறுத்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமாகப் பெருமூச்சு விட்டுவிட்டு வருவார். நேர்த்தியான பெருமூச்சு. சென்னியப்பன் தானே விட்டிருந்தால்கூட அவ்வளவு எடுபட்டிருக்காது. அடுத்த வருடம் செலவைக் குறைக்க அந்த அம்மாளை அனுப்பிவிட்டு இரண்டு பக்கத்தையும் ஆல்வினிடமே கொடுத்தார்கள். அவர் காலையில் அண்ணனாகவும் மத்தியானத்துக்கு மேல் தங்கச்சியாகவும் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவருக்குச் சங்கடம். தன்னோடு தானே ஒரே இலையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிடுவார்.

பிறகு சேர்ப்பு வேலை தொடங்கியது. சின்னச் சின்னச் சண்டைகளைத் தனித்தனியாக வைத்திருந்தால் ஏலம் போகாது, ஒன்றாகச் சேர்த்தால் மதிப்பு கூடும் என்று அன்னூர் வரப்பையும் பொள்ளாச்சித் தோப்பையும் சென்னியப்பனின் பாலோடு இணைத்தார்கள். இதன்படி, கண்ணால் கண்டிராத பொள்ளாச்சித் தோப்புக்காரரோடும் சென்னியப்பனுக்குப் பேச்சு நின்றது. மருதமலைப் படிக்கட்டில் ஒருநாள் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். யார் என்று ஆல்வின் சைகை காட்டியதும் இருவரும் கடமை தவறாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நல்ல மனுஷர் போலத்தான் தெரிந்தது.

காலம் மாற மாற ஃபண்டும் மாறியது. பெரிய இடத்துப் பணம் மட்டும் போதாது, சாதாரண ஜனங்களையும் சேர்க்க வேண்டும் என்று மாதத் தவணையில் பங்கு விற்றார்கள். வடவள்ளி சலூன்காரர் இரண்டு பங்கு வாங்கி வைத்திருந்தார். முடி வெட்டும்போது கத்தரியை நிறுத்தி, "சண்டையெல்லாம் எப்படீங்க போகுது? ஒண்ணும் எறங்கிறாதுங்களே?" என்று கேட்பார். பொண்ணுக்குப் படிப்புச் செலவு இருக்கிறது என்பார். சென்னியப்பன் கண்ணாடியில் அவரைப் பார்த்து, கோபம் அப்படியேதான் இருக்கிறது என்று தைரியம் சொல்லிவிட்டு வருவார். நடுவில் ஒரு வருடம் வாங்க ஆள் கிடைக்கவில்லை. தென்வாசல் தன் பழைய ஃபண்டிலிருந்து தன் புது ஃபண்டுக்கே சண்டையை விற்றது. அன்று பிரதீபா எழுந்து நின்று தன் வலது கையால் தன் இடது கையைக் குலுக்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் போர்டு மீட்டிங் மட்டும் தவறவில்லை. சென்னியப்பன் அதற்கு முதல் நாளே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பார். ஏன் என்று மரகதம் கேட்டதில்லை. தெய்வானை ஒருமுறை டப்பாவில் கச்சாயம் கொண்டுவந்து, போர்டுக்கு என்று சொல்லி மேசை நடுவில் வைத்தாள். வெல்லம் கருக்காமல், ஓரம் மொறுமொறுவென்று, அவர்கள் அம்மா சுடுகிற பக்குவம். பிரதீபா ஒன்றை எடுத்துக்கொண்டு டப்பாவை இந்தப் பக்கம் தள்ளினாள். சென்னியப்பன் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தின்றார். அவர் மாத்திரை போடுவதைத் தெய்வானை பார்த்தாள். அடுத்த மீட்டிங்கில் அவர் மறந்துபோய் வெறுமனே எடுத்தபோது அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் அரை முழம் நகர்த்தினாள். பேசவில்லை, நகர்த்தினாள், அவ்வளவுதான். ஆல்வின் அதைக் குறித்துக்கொண்டார். கசப்பு இறங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. அதற்கப்புறம் மேசையில் கச்சாயம் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கும் இருவரும் தலையாட்டினார்கள்.

ஆறாவது வருடம் தெய்வானையின் மகள் அகல்யாவுக்குக் கல்யாணம் கூடியது.

அகல்யாவுக்குக் காது குத்தியது சென்னியப்பன் மடியில் வைத்துத்தான். வலியில் அவர் கட்டை விரலைக் கடித்துவிட்டாள். சின்னப் பல் தடம் இரண்டு நாள் இருந்தது. கல்யாணத்தில் தாய்மாமன் வந்து நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண் மணவறைக்குப் போவாள். தங்கத் தகட்டில், ஓரத்தில் சின்னதாகப் பூவேலை வைத்து, பெரியகடை வீதியில் ஒரு பத்தரிடம் பட்டம் செய்யச் சொல்லி அவர் வாங்கி வைத்து நாளாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அவ்வப்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்வருவார்.

முதல் பத்திரிகை அண்ணன் வீட்டுக்குத்தான் வைக்க வேண்டும். தெய்வானை வெற்றிலை பாக்கு, பழத்தோடு அதை ஃபண்டு ஆபீசில் கொண்டுபோய் வைத்தாள். அண்ணன் பக்கம் அங்கேதான் இருந்தது. பிரதீபா இரு கையாலும் வாங்கிக்கொண்டு, மாமன் வர முடியாது என்று தெரிவித்தாள். ஒரு சண்டைக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இப்படி ஒரு கல்யாணம் அமையும். தாய்மாமன் வராத மணவறை என்றால் அந்த வருடத்துக்கு மட்டுமல்ல, இந்தத் துறைக்கே அது பெரிய விஷயம். வாங்குவதற்குச் சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பார்க்கும்படி முன்வரிசையில் மாமனுக்கென்று ஒரு நாற்காலி காலியாகப் போடப்படும். அதற்கு நல்ல துணி உறையும் சொல்லியாகிவிட்டது.

சென்னியப்பன் எதிர்த்துப் பேசவில்லை. கையெழுத்துப் போட்டது அவர்தானே. ஆனால் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. மாமன் இருந்தும் பட்டம் கட்ட ஆளில்லாமல் அந்தப் பிள்ளை சபையில் நிற்குமே என்று மரகதத்திடம் ஒரே ஒருமுறை சொன்னார். பால் காய்ச்சியது தன் தங்கை என்பதால் மரகதம் இந்த விஷயத்தில் எப்போதும் வாய் திறப்பதில்லை. அன்றும் அவர் தட்டில் ரசம் மட்டும் ஊற்றினாள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே சிங்கப்பூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். பொதுவாக எல்லாம் பிடித்திருந்தது. பால் நல்ல காரணம் என்றார்கள். ஒரே ஒரு குறை: இந்தச் சண்டை இரண்டே ஆட்களை நம்பி இருக்கிறது. இருவருக்கும் வயதாகிறது, அதில் ஒருவருக்குச் சர்க்கரை. நாளைக்கே ஒருவர் கண்ணை மூடினால் என்ன ஆவது? ஆட்கள் இல்லாமலும் தன் காலில் நிற்கும் சண்டையென்றால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

அவசர மீட்டிங் கூட்டினார்கள். பிரதீபா அதே நிதானமான குரலில் எடுத்துச் சொன்னாள். இப்போதெல்லாம் யாரும் ஆளை நம்பி வாங்குவதில்லை; தொழில் தனி, ஆள் தனி என்று ஆகிவிட்டது. நீங்கள் இருவரும் மிச்சப் பங்கையும் விட்டுவிட்டு முழுசாக வெளியே போய்விட வேண்டும், சண்டையை ஆல்வின் பார்த்துக்கொள்வார். சின்னப் பங்கு என்பதால் அதற்குத் தனியாக விலை எதுவும் கிடையாது. போக மாட்டேன் என்றால் வற்புறுத்தவும் மாட்டோம். பழையபடியே நடக்கட்டும், காலி நாற்காலி இருக்கும், வேறு ஆள் வந்து வாங்கும்போது நல்ல தொகை கிடைக்கும்.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் வளர்த்த சண்டை. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே அது ஞாபகம் வரும். விருந்தாளிகள் முன்னால் தங்கச்சி திரும்பி நடந்ததை நினைத்து நினைத்துத்தான் பட்டறையில் பாதி வேலையைச் செய்திருக்கிறார். தப்பு தன் பேரிலும் இருக்கிறது என்று தோன்றுகிறபோதெல்லாம் அந்த ஒரு காட்சிதான் அவரைத் தாங்கியது. அது போனால் மிச்சம் இருப்பது கேட்டுக்கு ஓடாமல் நின்ற கால் இரண்டும்தான்.

"எஞ்சண்டைய நானில்லாம எப்புடீங்க நடத்துவீங்க?" என்று கேட்டார்.

"நல்லாவே நடத்துவோம் சார்."

"முழுசாக் குடுத்துட்டா அப்புறம் நான் யாருங்க?"

பிரதீபா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "எங்களுக்கு யாருமில்ல சார். அந்தப் பொண்ணுக்குத் தாய்மாமா. அது நாங்க வாங்கினதுல சேராது."

சென்னியப்பன் மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். தெய்வானை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் என்ன இருக்கிறதென்று கேட்க வழியில்லை; பங்கு கையில் இருக்கிற வரை கேட்கக் கூடாது. அவர் விட்டு, அவள் விடவில்லை என்றால், அவளுக்கு மட்டும் அவரோடு சண்டை இருக்கும், அவருக்கு அவளோடு இருக்காது. சட்டைப் பையில் பட்டம் நெஞ்சில் லேசாகக் குத்தியது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்ததும் உடம்பு இலேசாகவெல்லாம் ஆகவில்லை; வீட்டில் ஒரு பெரிய பீரோவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த இடம் வெறிச்சென்று இருக்குமே, அப்படி இருந்தது.

காகிதம் தெய்வானை பக்கம் போனது. அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். பிறகு பிரதீபாவைப் பார்த்தாள்.

"அந்தப் பாலுஞ் சேந்து போயிருமுங்களா?"

"காரணம் முதல் நாளே எங்ககிட்ட வந்தாச்சு மேடம்."

தெய்வானை பேனா மூடியைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள், மறுபடி கழற்றினாள். அவளுக்கும் அது ஒன்றுதான் பிடிமானமாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் குனிந்து, முழுப் பெயரையும் கோணாமல் எழுதினாள். பேனாவை மூடினாள். பிரதீபாவைத் தாண்டி, ஆல்வினைத் தாண்டி, நேராகப் பார்த்தாள்.

"மாத்தரை போட்டீங்களாண்ணா?"

"மறந்துட்டேன் அம்மிணி" என்றார் சென்னியப்பன்.

அவள் தண்ணீர் டம்ளரை நகர்த்தினாள். இந்த முறை ஆல்வின் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அவர்கள் இருவரும் அந்தச் சண்டைக்குச் சம்பந்தமில்லாதவர்கள்.

கல்யாணம் பெருந்துறையில் நடந்தது. சென்னியப்பன் மரகதத்தோடு விடியலிலேயே போய்விட்டார். மேடையேறி, அகல்யாவின் நெற்றியில் பட்டம் கட்டினார். முடிச்சு ஒருமுறையில் விழவில்லை. அவள் குனிந்தபடி, "மாமா, மெதுவாக் கட்டுங்க, இல்லாட்டிக் கடிச்சு வெச்சிருவேன்" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அவர் அழுதுவிட்டார். சபையில் அழக் கூடாது என்றெல்லாம் அவருக்கு அப்போது தோன்றவில்லை. பின்னால் தெய்வானையும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

சண்டையும் குறைவில்லாமல் நடந்தது. மண்டபத்து வாசலில் ஆல்வின் நின்றார். தங்கச்சியாக அவர் தன்னை உள்ளே அழைக்கவில்லை. அண்ணனாக, அழைக்காத இடத்துக்கு அவர் வரவுமில்லை. முகூர்த்தம் முடியும் வரை ஒரு கால் படியிலும் ஒரு கால் மண்ணிலுமாக நின்று தன் முகத்திலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். முன்வரிசைக் காலி நாற்காலியின் இரு புறமும் உட்கார்ந்திருந்த சிங்கப்பூர்க்காரர்கள் எட்டி எட்டி வாசலைப் பார்த்தார்கள். மேளம் ஓய்ந்ததும் ஆல்வின் செருப்பை மாட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. சாப்பாட்டுக்கு முன்பே விலை பேசி முடித்துவிட்டார்கள். சென்னியப்பனின் சலூன்காரர்கூட நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்தார்.

அடுத்த தை மாதம் சென்னியப்பன் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினார். அந்த அறை எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை, அவர் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். நல்ல நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே தெய்வானை பித்தளைக் குண்டாவோடு வந்து இறங்கினாள். அதே குண்டா, புளி போட்டுத் தேய்த்ததில் முகம் தெரிந்தது. சுவரில் காலண்டர் வேறு ஆணிக்கு மாறியிருந்தது. ஐயர் இந்த முறை பறக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மரகதமே அடுப்பை எடுத்துவைத்து, தீப்பெட்டியை நாத்தனார் கையில் கொடுத்தாள்.

தெய்வானை பற்ற வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். பால் சூடேறியது, ஆவி வந்தது, மேலே ஏடு கட்டியது. நுரைக்கவில்லை. நல்ல நேரத்தில் பாதி போனது. பால் குண்டாவுக்குள் அசையாமல் கிடந்தது.

மரகதம்தான் பேசினாள். "நம்மூட்டுல பால் பொங்கறதில்லீங்க. நீங்க வித்த நாள்ல இருந்தே அப்படித்தான். அடுப்புத் தொடைக்கிற வேலை மிச்சமுன்னு நானும் சொல்லல."

பெருந்துறையிலும் அப்படித்தான் என்று தெய்வானை சொன்னாள்.

அப்போது சென்னியப்பனின் போன் அடித்தது. ஆல்வின். இப்போது சிங்கப்பூரிலேயே இருக்கிறார். முதலில் மன்னிக்கச் சொன்னார், இந்த விஷயத்தில் சம்பந்தமில்லாதவரைத் தொந்தரவு செய்வதற்கு. பிறகு, அவர்கள் ஆபீசில் இருபதாவது மாடியில், மீட்டிங் அறை மேசை நடுவில் சற்று முன்பு பால் பொங்கிவிட்டதாகச் சொன்னார். தரை விரிப்பு நனைந்துவிட்டது, ஆனாலும் எல்லோருக்கும் சந்தோஷம். எந்தப் பக்கம் பொங்கினால் நல்லது என்று முதலாளிகள் கேட்கிறார்கள், சொன்னால் உதவியாக இருக்கும்.

சென்னியப்பன் போனைக் காதிலிருந்து எடுத்துத் தங்கச்சியிடம் கேட்டார்.

"கெழக்க பொங்குனா நல்லதுங்கண்ணா" என்றாள் தெய்வானை. "எந்தப் பக்கமாம்?"

அவர் கேட்டுச் சொன்னார். கிழக்கேதானாம், சன்னல் பக்கம். ஐயர் தலையை ஆட்டி, நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றார். தெய்வானை அடுப்பை அணைத்து, முந்தானையால் குண்டாவைப் பிடித்து இறக்கி, எல்லோருக்கும் ஊற்றினாள். அண்ணன் டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை.